முதல் மாதம் பிரேக்

ஏனுங்க,

மனோஜை லாரி ஓட்டப் பழக்கும் பள்ளியில் சேர்க்கப் போகிறேன். நீங்கள் கிழித்துப்போட்ட விண்ணப்பத்துக்குப் பதில் வேறொன்று வாங்கிக்கொள்வேன். அரிசிம்பருப்பு சாதம் குக்கரில் இருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள். சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எதிர்வீட்டுக்குப் பேசுகிறேன்.

காந்திபுரத்தில் பதினைந்தே நாளில் லைசென்ஸ் என்றார்கள். சத்தியமங்கலத்து மாஸ்டர்தான், "மொத மாசம் பிரேக்கு மட்டுந்தானுங்க, அம்மணி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அங்கே சேர்க்கிறேன்.

லோகநாயகி

மனோஜ் இப்போது கேட்கிறான்: "ஏம்மா, சோறு உங்கறப்ப அப்பா எதுக்கு வலது காலால தரைய அமுக்கறாரு?" உங்கள் லாரிக்குக் குறுக்கே அந்தக் குழந்தை ஓடிவந்ததை நான் சொல்லவில்லை. ஆறு வருடமாக மிதித்தும் அந்த லாரி உங்களுக்கு நிற்கவில்லை. அவன் ஸ்டியரிங்கைத் தொடுவதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள்.