கொட்டாஞ்சேனை என்றுதான் சொன்னாய்

இன்று மத்தியானம் நீதிமன்றத்திலிருந்து இறங்கி, புதுக்கடைத் தெருவில் நாம் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் இருந்தேன். அப்போதுதான் இறக்கிய, மீன் அடைத்த மாலு பாணின் மிளகு வாசனை வந்தது. தட்டு மேசைக்கு வரும் முன்பே நீ நினைவுக்கு வந்துவிட்டாய். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசியில் மருமகள் ஒரு காணொளி அனுப்பினாள். "மாமி, இது உங்கட ஃப்ரெண்ட் தானே? திரும்பவும் ஓடுது." திறந்து பார்த்தேன். வெள்ளவத்தை மண்டபம், மேடை, ஒலிவாங்கிக்கு முன்னால் பச்சைச் சேலையில் நீ. கீழே யாரோ புதிதாக எழுதியிருந்தார்கள்: 'இது இனவாதமா, இல்லையா? உங்கள் கருத்து என்ன?' ஏராளமானவர்கள் கருத்துச் சொல்லியிருந்தார்கள். நீ இறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரிந்ததாகக் காணவில்லை.

மாலு பாண் ஆறிப்போனது. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீ நீதிமன்றத்துக்கு உரைபெயர்ப்பாளராக வந்த முதல் நாள் எனக்கு நல்ல நினைவு. நான் அங்கே சுருக்கெழுத்தாளர். வாசலில் நின்ற பொலிஸ்காரர் உன்னைப் பார்த்து, தூதரகத்திலிருந்து யாரோ வந்துவிட்டார்கள் என்று கதிரை தேடி ஓடினார். சாட்சிக் கூண்டில் ஏறிய மட்டக்குளி மீனவர் ஒருவர் தன் வள்ளம் உடைந்த கதையைத் தமிழில் படபடவென்று கொட்டினார். வள்ளத்தின் ஒவ்வொரு பலகையையும் நீ சிங்களத்தில் எடுத்து வைத்தாய். பிறகு நீதிபதியின் கேள்வியை அவருக்குப் புரியும் கொட்டாஞ்சேனைத் தமிழில் திருப்பிக் கேட்டாய். அவர் உன்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பார்க்கவே இல்லை. உன் குரலோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

உன் அப்பா கொட்டாஞ்சேனையில் பல் கட்டும் கடை வைத்திருந்தவர். அவருடைய பெற்றோர் சீனாவிலிருந்து துணி விற்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அம்மா கடை இருந்த அந்தக் குறுகிய ஒழுங்கையைச் சேர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர். உனக்கு வாய்த்தது அப்பாவின் முகமும் அம்மாவின் பேச்சும். அதை நீ பெரும்பாலும் சிரித்துக்கொண்டேதான் சமாளித்தாய். வேலை முடிந்து தெருவுக்கு வந்தால் முச்சக்கர வண்டிக்காரர்கள் உன்னைத்தான் மொய்ப்பார்கள். "மேடம், சிட்டி டுவர்? குட் பிரைஸ்!" நீ ஏறி உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "கொட்டஹேனட்ட யமு அய்யே, மீட்டர் தாலா" என்பாய். கொட்டாஞ்சேனைக்குப் போவோம் அண்ணே, மீட்டரைப் போடு என்று சுத்தமான சிங்களத்தில் கேட்டதும் அவன் முகம் போகும் போக்கைப் பார்த்து நான் வயிறு நோகச் சிரித்திருக்கிறேன்.

உன்னிடம் சிரிக்க முடியாத கதை ஒன்றும் இருந்தது. அதை எனக்கு ஒரே ஒரு முறைதான் சொன்னாய், வெளியே மழை கொட்டிய ஒரு மத்தியானத்தில், சாப்பாட்டுப் பார்சலைத் திறக்காமலே.

"எண்பத்திமூணு கலவரத்துக்க நான் சின்னப்பிள்ள அக்கா. அப்பா எங்களைக் கூட்டிட்டு நடந்து போறார். ரோட்டில மறிச்சிட்டாங்க. கையில பொல்லு, பெற்றோல் போத்தல். 'கவுத மே?' எண்டு கேட்டாங்க. ஆர் இது எண்டு. அப்பா தன்ட முகத்தைக் காட்டினார். என்ட முகத்தைக் காட்டினார். அம்மாவைக் காட்டி, 'என்ட நோனா ஊமை' எண்டு சொன்னார். விட்டுட்டாங்க."

"அம்மா?"

"அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் வாய் திறக்கல்ல. நாங்க என்ன கேட்டாலும் தலையை மட்டும்தான் ஆட்டினா. ரெண்டு மூணு நாள் அப்பிடியே இருந்தா."

மழை விட்டபோது நாம் சாப்பிட்டோம். அதன் பிறகு நீண்ட காலம் அதைப் பற்றி நீ பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

வெள்ளவத்தைச் சங்கம் ஒன்று தமிழ்மொழிக்கு உழைத்தவர்களைப் பாராட்டுவதென்று தீர்மானித்து உன்னையும் அழைத்தபோது உனக்கு வந்த சந்தோசத்தை மறைக்கப் பார்த்தாய். முடியவில்லை. சேலை எடுக்க என்னைக் கூட்டிக்கொண்டு காலி வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினாய். "தமிழ் ஆக்கள் என்னைத் தமிழுக்காகக் கூப்பிடுறாங்க அக்கா," என்றாய். அந்த ஒரு வசனத்துக்குள் எவ்வளவு காலத்துக் காத்திருப்பு இருந்தது என்பது எனக்கு அப்போது முழுதாக விளங்கவில்லை.

பிரதம விருந்தினர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். என் தங்கைக்குப் படிப்பித்தவர், மண்டபத்தில் பாதிப் பேர் எழுந்து வணங்கிய மனுசி. உனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, கையை விடாமல், ஒலிவாங்கியிலேயே கேட்டார்.

"பிள்ளைக்கு எந்த ஊர்?"

"கொட்டாஞ்சேனை, மிஸ்."

"அது இப்ப இருக்கிற இடம். நான் கேக்கிறது பூர்வீகம்."

"பிறந்ததும் கொட்டாஞ்சேனைதான்."

"சரி, அம்மா அப்பா?"

"ரெண்டு பேரும் கொட்டாஞ்சேனைதான், மிஸ்."

மண்டபம் சிரித்தது. அவரும் சிரித்தார். "இல்லைப் பிள்ளை, உண்மையா நீங்கள் ஆர்? இந்த முகத்துக்கும் இந்தத் தமிழுக்கும் என்ன சம்பந்தமெண்டு சபைக்குத் தெரிய வேணுமெல்லோ?"

காணொளி அந்த இடத்தோடு முடிகிறது. உன் பதில் அதில் இல்லை. முன்வரிசைக்குப் பின்னால் இருந்த நான் அதைக் கேட்டேன். நீ குரலை உயர்த்தவில்லை. நீதிமன்றத்தில் பேசும் அதே குரலில் சொன்னாய்: "சாட்சிக் கூண்டில ஏறுற ஆளிட்ட ஊரும் பேரும் ஒருக்காத்தான் கேப்பாங்க மிஸ். சொன்னதை எழுதிக்கொள்ளுவாங்க. நான் மூணு தரம் சொல்லிட்டன்." பொன்னாடையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

இரண்டு நாட்களுக்குள் நாடு முழுக்க அதைப் பார்த்துவிட்டது. அதிபர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள் ஒரு பகுதியினர். ஊர் கேட்பது எங்கள் பண்பாடு, அதில் இனவாதம் எங்கே வந்தது என்றார்கள் மற்றவர்கள். இனவாதத்தால் அடிபட்ட நாங்கள் எப்படி இனவாதிகளாக இருப்போம் என்று ஒருவர் நீளமாக எழுதினார். தமிழர் மட்டும் நல்லவர்களோ என்று சில சிங்களப் பக்கங்கள் அதை எடுத்துக் கொண்டாடின. சீனாவுக்குப் போன துறைமுகத்தையும் சீனக் கடனையும் உன் தலையில் கட்டினார்கள் வேறு சிலர். யாரோ உன் ஒழுங்கையைப் படம் பிடித்துப் போட்டார்கள். அதிபரை ஆதரித்தவர்களை விட, உனக்காகப் பேசுகிறோம் என்று அந்த வயதான மனுசியைக் கேவலமாகத் திட்டியவர்களால்தான் நீ அதிகம் நொந்தாய்.

தொலைக்காட்சியிலிருந்து ஒரு தம்பி உன்னை அழைத்ததை மறக்க முடியுமா? நாம் இருவரும் நீதிமன்ற நடையில் நின்றோம். நீ ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினாய். இப்படியான கேள்விகள் மனிதரை எவ்வளவு காயப்படுத்தும் என்று ஒரு நிகழ்ச்சி செய்கிறார்களாம், நீ அவசியம் வர வேண்டுமாம். எல்லாம் மரியாதையாகச் சொல்லி முடித்துவிட்டு, "ஒரு சின்ன விசயம் மிஸ், அறிமுகத்துக்காகத்தான். நீங்க உண்மையில என்ன ஆக்கள்?" என்றான். நீ தொலைபேசியை அணைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாய். கண்ணீர் வரும்வரை சிரித்தாய். பிறகு அது நிற்கவில்லை.

அதற்கடுத்த மாதம் ஒரு காணி வழக்கு. இளம் சட்டத்தரணி ஒருவர் எழுந்து, தன் கட்சிக்காரர் வேறு உரைபெயர்ப்பாளரைக் கேட்கிறார் என்றார். காரணம் கேட்டபோது, உனக்குத் தமிழ் பூரணமாக விளங்குமா என்று கட்சிக்காரருக்குச் சந்தேகம் என்றார். நீதிபதி அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. "இவர் தொடர்ந்து செய்வார்," என்று சொல்லிவிட்டு வழக்கை ஆரம்பித்தார். நீ அன்று முழுக்க ஒரு சொல் தவறவில்லை. ஆனால் சாட்சி, சட்டத்தரணி, பின்வரிசையில் இருந்த சனம், எல்லோருடைய கண்ணும் உன் மேலேயே இருந்தது.

படியிறங்கும்போது சொன்னாய்: "இவ்வளவு காலமும் ஆக்கள் என்ட சொல்லைத்தான் கேட்டாங்க அக்கா. இண்டைக்கு முழுக்க என்ட முகத்தைத்தான் பார்த்தாங்க. இனி எனக்கு இது ஏலாது."

"ஒரு விசர்க் கதைக்காக நீ ஏன் விலகவேணும்? கொஞ்சம் பொறு, சனம் மறந்துபோகும்," என்றேன்.

"அவங்க மறப்பாங்க. எனக்கு வாய் திறக்கும்போதெல்லாம் ஞாபகம் வருமே."

எழுத்து மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டாய். மேல்மாடியில், அலுமாரிகளுக்கு நடுவே ஒரு மேசை. பழைய காணி உறுதிகளையும் தீர்ப்புகளையும் மௌனமாக மொழிபெயர்த்தாய். நல்ல வேலைதான். ஆனால் அந்த நீதிமன்றம் உன் குரலை இழந்தது. அதைப் பற்றி எந்தப் பக்கத்திலும் எவரும் விவாதிக்கவில்லை.

அதிபர் உன்னைத் தேடி வந்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். என்னிடம் தொலைபேசியில், "பிள்ளை, என்னை அவவிட்டக் கூட்டிக்கொண்டு போ. தனியப் போகப் பயமாக் கிடக்கு," என்று கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரம் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டி வந்தேன். நீ தேத்தண்ணி ஊற்றினாய். அவர் கோப்பையைத் தொடாமல் பேசத் தொடங்கினார்.

"கலவரத்தில எங்கட வெள்ளவத்தை வீடு எரிஞ்சு போச்சு. அகதிகளாக் கப்பலில யாழ்ப்பாணம் போனம். கட்டின சேலையோட, ஒருதரையும் தெரியாமல். பக்கத்தில இருந்த ஒரு மனுசி கேட்டா, 'உங்களுக்கு எந்த ஊர்?' சொன்னன். அவவுக்கு எங்கட பெரியம்மாவைத் தெரிஞ்சிருந்துது. தன்ர வீட்டிலயே எங்களை வைச்சிருந்தா. அண்டு தொடக்கம் நான் ஆரைக் கண்டாலும் அதைத்தான் முதலில கேக்கிறனான். அது பாசமெண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தன், பிள்ளை."

ஆறிய கோப்பையை நீ எடுத்து அப்பால் வைத்தாய். பிறகு உன் கதையைச் சொன்னாய். தெருவில் மறித்தவர்கள், அப்பா காட்டிய முகங்கள், ஊமையான அம்மா. அதிபர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவருடைய கை மேசையில் உன் கையைத் தேடிப் போனது.

"அதே கலவரம்தான்," என்றார்.

"ஓம் மிஸ். உங்களுக்கு அந்தக் கேள்வியால ஒரு வீடு கிடைச்சுது. எங்களை அந்தக் கேள்வியாலதான் கொல்லப் பார்த்தாங்க."

அவர் அழுதார். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்பேன் என்றார். நீ சம்மதித்தாய். அன்று அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்தபோது உன் முகத்தில் பழைய வெளிச்சம் கொஞ்சம் இருந்ததை நான் கண்டேன்.

அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை. முதலில் மண்டபம் கிடைக்கவில்லை, பிறகு நாட்டு நிலைமை சரியில்லை. பிறகு அதிபருக்குப் பக்கவாதம் வந்து பேச்சுப் போய்விட்டது. மகன் வந்து அவரைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நடந்ததை நான் எழுதிப் போடட்டுமா என்று உன்னிடம் கேட்டேன். "வேணாம் அக்கா. அந்த மனுசியால இனி ஒரு பதிலும் சொல்ல ஏலாது. பிழையா ஒரு சொல் வந்தாலும் அவவைத்தான் பிச்சுத் தின்னுவாங்க," என்றாய். உன் வார்த்தையை நான் மீறவில்லை. சில மாதங்களில் உனக்கும் நோய் கண்டது. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்த ஒவ்வொரு முறையும் நீ இன்னும் கொஞ்சம் சிறுத்திருந்தாய்.

உன்னை அடக்கம் செய்த நாளையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த சுவாமியார் மிகவும் உருக்கமாகப் பேசினார். தூர தேசத்து வேரிலிருந்து வந்து நம் மொழியைத் தன் மொழியாக்கிக்கொண்ட சகோதரி என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அப்போது முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த உன் சின்னம்மா, காது மந்தமானவர்கள் பேசும் பெரிய குரலில் சொன்னார்: "தூர தேசமோ? ஃபாதர், அவ எங்கட ஒழுங்கைப் பிள்ள. இந்தக் கோயில்லதான் ஞானஸ்நானம் எடுத்தவ." சுவாமியார் நிறுத்தினார். தலை குனிந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா," என்றார். கோயில் நிறைய உன் ஒழுங்கைச் சனம் இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. நீ அதைக் கேட்டிருக்க வேண்டும்.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. இப்போது உன் இடத்தில் ஒரு பையன் உரைபெயர்க்கிறான். கெட்டிக்காரன், அவசரக்காரன். சாட்சிகள் அழும்போது அவனுக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. உனக்குத் தெரியும். கூண்டில் நிற்பவர் உடைந்துபோனால் நீ பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாய். "என்ன சொல்கிறார்?" என்று நீதிபதி கேட்டால், "அவர் இன்னும் பேசவில்லை, சேர்," என்பாய். முழு நீதிமன்றமும் உன்னோடு சேர்ந்து காத்திருக்கும். போன கிழமை ஒரு தாய் மகனின் பெயரைச் சொல்ல முடியாமல் விம்மிக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் என்னைப் பார்த்தான். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையை மெல்ல அசைத்தேன். அவனும் வாயை மூடிக்கொண்டான். அவள் பேசும்வரை நாங்கள் எல்லோரும் சும்மா இருந்தோம்.