பட்டியலில் நீ வெட்டிய படம்

வீடு மாற்றுவதற்காக மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது அந்தத் தாள் கிடைத்தது. என் கையெழுத்தில் பத்துப் படங்களின் பெயர்கள். முதல் பெயரின் மேல் உன் சிவப்புப் பேனா. தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி வெட்டியிருக்கிறாய்.

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் நம் மும்பை இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கேன்டீனில் மத்தியான நேரத்தில் வேறு பேச்சு கிடையாது. அந்த வருஷத்தின் சிறந்த பத்துப் படங்கள் எவை என்று நாம் இரண்டு பேரும் மோதுவோம். மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். முடிவான பட்டியல் நோட்டீஸ் போர்டுக்குப் போகும். நான் கிளெய்ம்ஸ் பிரிவு, மாட்டுங்காக்காரன், திரைப்பட விழாக்களுக்கு லீவு போட்டுப் போகிறவன். நீ டெஸ்பாட்ச், தாராவி. வெள்ளிக்கிழமை வெளியாகும் படத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துவிடுவாய். "படம்னா நாலு பேரோட உக்காந்து பாக்கணும் வே. தனியா பாத்தா அது பரீட்சை" என்பாய்.

அந்த வருஷம் நான் முதலிடம் கொடுத்தது, குடிசைப் பகுதியில் ஒற்றை அறையில் வாழும் ஒரு தாயைப் பற்றிய படம். வெளிநாட்டில் விருது வாங்கியிருந்தது. நீ தாளை வாங்கிப் பார்த்தாய். பேனாவை எடுத்து ஒரே இழுப்பாக வெட்டினாய்.

"ரெண்டு மணி நேரத்துல யாராச்சும் ஒருத்தர் சிரிச்சாவளா வே?"

"அது துக்கமான கதை. சிரிக்கறதுக்கு அங்க என்ன இருக்கு?" என்றேன்.

நீ சாப்பாட்டைப் பாதியில் மூடினாய்.

"அங்கன்னா எங்க? எங்க வீட்லயா?"

பதினெட்டு வருஷப் பழக்கத்தில் நான் உன் வீட்டுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. இரண்டு பஸ் ஸ்டாப் தூரம்தான். நீ என் வீட்டுக்கு நாலைந்து தடவை வந்திருக்கிறாய். என் மகளின் கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறாய். இந்த ஒருபக்கக் கணக்கு எனக்கு அன்றுதான் உறைத்தது.

பன்னிரண்டு நாள் நாம் பேசவில்லை. அந்த வருஷம் போர்டில் பட்டியலும் இல்லை. பதிமூன்றாம் நாள் நீயே என் சீட்டுக்கு வந்தாய்.

"ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாரும். அந்தப் படத்தச் சேந்து பாப்பம்."

வந்தேன். உன் மகள் போனை டிவியோடு இணைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் உட்கார்ந்தார்கள். உன் மனைவி செல்வி எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் அமர்ந்தார். தண்ணீர் வரிசையில் அந்தத் தாய் குடத்தோடு நின்று கண்ணீர் விடுகிற காட்சி வந்தது. விழாவில் பார்த்தபோது நான் அழுத இடம் அது.

"இம்புட்டு நேரம் அழுதுட்டு நின்னா கொடம் நெறையுமா? பின்னால நிக்கவ சும்மா விடுவாளா?" என்றார் செல்வி. அறை முழுக்கச் சிரிப்பு. வாசலில் இருந்த பெண் குழாயடிச் சண்டை ஒன்றை நடித்தே காட்டினாள். நானும் சிரித்தேன்.

ஆனால் கடைசிக் காட்சியில், வேலைக்காக வெளியூர் கிளம்பும் மகனின் பையில் அந்தத் தாய் துணிகளை அடுக்கி, எடுத்து, மறுபடி அடுக்கியபோது யாரும் சிரிக்கவில்லை. உன் மகன் அந்த வருஷம்தான் துபாய் போயிருந்தான். செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்தார். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாய். "கடைசி சீன் சரிதான். அத எடுத்தவனுக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. ஆனா பத்துல சேக்க மாட்டேன்" என்றாய்.

"பட்டியல்லேர்ந்து நான் எடுக்க மாட்டேன். ஆனா முதல்ல வைக்க மாட்டேன், நாலாவதா வைக்கறேன்" என்றேன்.

"நாலா? அஞ்சு" என்றாய். பஸ் வந்துவிட்டது.

கேன்டீனில் நான் சொன்ன அந்த 'அங்க' என்ற வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. நீயும் எதிர்பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

நீ ஓய்வு பெற்ற மறுவருஷம் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. துக்கம் கேட்க வந்தபோது செல்வி சொன்னார்: "நீங்க சொல்லுத படமெல்லாம் அவியளுக்குப் புடிக்காது அண்ணாச்சி. ஆனா ஒண்ணு விடாம பாப்பாவ. பாக்காம எப்படிச் சண்ட போடன்னு கேப்பாவ." நீ அவற்றில் பாதியைப் பார்க்காமலே சண்டை போடுகிறாய் என்று நான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

போன மாதம் செம்பூரில் ஒரு படம் பார்த்தேன். அடிதடி, பாட்டு, அரங்கம் முழுக்க விசில். எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே வந்து நடந்தபோது, அந்தப் படத்துக்காக வாதாடிக்கொண்டே போகிறேன் என்று கவனித்தேன். இடைவேளைக்கு முந்தைய சண்டையை நீ எப்படித் தாங்கிப் பேசுவாய், என் குறைகளை எந்தக் கேள்வியால் மடக்குவாய் என்று ஒவ்வொன்றாக வந்தது. வீட்டு வாசலை அடைவதற்குள் அந்தப் படத்துக்கு ஏழாம் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் மூன்று கேட்டிருப்பாய்.