குப்பிக்குள் வந்த கடல்

14-8-86, வியாழன் இரவு

கப்பலிலிருந்து பழுதுக்கு வந்த குப்பியை இன்று திறந்தோம். ஆழ்கடல் தண்ணீரை எடுத்துவர எங்கள் கம்பெனியில் செய்ததுதான். கடலில் இறக்கும்போது இரண்டு மூடியும் திறந்திருக்கும். மேலேயிருந்து கயிற்றில் ஒரு எடையை நழுவவிட்டால் மூடிக்கொள்ளும். மூடியது திறக்கவில்லை என்று அப்படியே ஓசூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நெம்பினால் உள்ளே தண்ணீர். வேலையைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள். இங்கே என்னைத் தவிர யாரும் கடலைப் பார்த்ததில்லை. பேக்கிங் முனியம்மா தீர்த்தம்போலக் கையில் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டாள். லேத் பஷீர் பாய் நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புதாம்பா! தூத்துக்குடிக்காரரே, உங்க ஊரு வாசனை வருதா பாருங்க" என்றார்.

கையில் ஊற்றி முகர்ந்தேன். கருவாடு இல்லை, பாசி இல்லை, ஈர வலை இல்லை. மூடியின் ரப்பர் வாசனை மட்டும் வந்தது. வெயிலே படாத ஆழத்துத் தண்ணீர்.

எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமா பாய், அப்படியே எங்க ஊருதான்" என்றேன். பாய்க்கு அவ்வளவு சந்தோஷம்.

அம்மா போனபிறகு ஊரில் எனக்கென்று யாருமில்லை. சோறு ஆறிக்கிடக்கிறது. அந்தத் தண்ணீர் பட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். இன்னும் கழுவவில்லை.