நகராத வீட்டுக்கு மூன்று மாவட்டங்கள்

அனுப்புநர்:
சி. எழிலரசி, ஒன்பதாம் வகுப்பு,
மேனாம்பேடு, அம்பத்தூர், சென்னை.

பெறுநர்:
வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்.

பொருள்: என் அக்கா சி. ஜோதிகாவின் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டது – எங்கள் ஊரின் மாவட்டத்தைத் தெளிவாகப் பதிவு செய்யக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நடந்தவை அனைத்தையும், என் தவறு உட்பட, உள்ளது உள்ளபடி இம்மனுவில் பதிவு செய்கிறேன்.

1. எங்கள் தாத்தா முனியன் மேனாம்பேட்டு வயல்களில் கூலி வேலை செய்தவர். அவர் கட்டிய வீட்டில்தான் அப்பா சின்னப்பையன் வளர்ந்தார். அக்காவும் நானும் வளர்ந்தோம். இன்றும் அங்கேயே வசிக்கிறோம்.

2. 1988-இல் அப்பா பெற்ற சாதிச் சான்றிதழில் 'மேனாம்பேடு, செங்கல்பட்டு மாவட்டம்' என்று உள்ளது. 2007-இல் பதிவான அக்காவின் பிறப்புச் சான்றிதழில் திருவள்ளூர் மாவட்டம். இப்போதைய குடும்ப அட்டையில் சென்னை மாவட்டம். அரசு எல்லைகளை மாற்றியது. நாங்கள் வீடு மாறவில்லை.

3. எங்கள் வீட்டு விண்ணப்பங்களை நான்தான் பூர்த்தி செய்வேன். 'முந்தைய முகவரிகள்' என்ற இடத்தில், காகிதத்தில் இருப்பதை மாற்றக் கூடாது என்று நினைத்து, மூன்று மாவட்டங்களையும் வரிசையாக எழுதினேன். மூன்றும் ஒரே வீடு என்று எழுதவில்லை. அது அலுவலகத்துக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிட்டேன். 'குடும்பம் இருமுறை இடம்பெயர்ந்துள்ளது. பூர்வீக மாவட்டத்தில் விண்ணப்பிக்கவும்' என்ற குறிப்புடன் விண்ணப்பம் திரும்பி வந்தது.

4. அப்பா கம்பெனியில் லீவு போட்டுச் செங்கல்பட்டுக்குப் போனார். 'அந்த ஊர் இப்போது எங்கள் மாவட்டப் பட்டியலில் இல்லை' என்றார்கள். திருவள்ளூரிலும் அதே பதில். இரண்டு பதில்களும் சரியானவைதான். விளக்கக் கடிதம் சேர்த்து மறுபடி விண்ணப்பித்தோம். அதே குறிப்பு வந்தது.

5. மூன்றாம் முறை விண்ணப்பித்தபோது ஓர் அலுவலர் நேரில் விசாரிக்க வந்தார். பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் அவரிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "இன்னா சார், நான் கல்யாணமாயி வந்த நாள்லேந்து அந்த ஊடு அங்கதான் கீது. அதுக்கு இன்னா காலா மொளைக்கும்?" அலுவலர் சிரித்தார். அறிக்கையில் அதை எழுதவில்லை போலும். மூன்றாம் முறையும் அதே குறிப்புதான்.

6. அக்காவுக்கு அரசுக் கல்லூரியில் விலங்கியல் கிடைத்துள்ளது. வரும் வெள்ளிக்கிழமை, 20.06.2025 அன்று, சான்றிதழ் சரிபார்ப்பு. சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அக்கா என்னைத் திட்டவில்லை. "வுடுடி, நீ இன்னா பண்ணுவே" என்று சொல்லிவிட்டு, இன்று காலை அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளில் வேலை கேட்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஆகவே ஐயா, '1988-இல் செங்கல்பட்டு, 2007-இல் திருவள்ளூர், தற்போது சென்னை மாவட்டம். ஊரும் வீடும் ஒன்றே' என்ற ஒரு வரியை எங்கள் கோப்பில் சேர்த்து, வியாழக்கிழமைக்குள் சான்றிதழ் கிடைக்கச் செய்யுமாறு வேண்டுகிறேன். படிவத்தில் மாவட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஆண்டை எழுதவும் இடம் விட்டால், எங்களைப் போன்ற மற்றவர்கள் அலைய மாட்டார்கள்.

இடம்: அலுவலக வராந்தா
நாள்: 18.06.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சி. எழிலரசி

குறிப்பு: தாங்கள் கள ஆய்வுக்குச் சென்றிருப்பதாகச் சொன்னார்கள். மனுவை நேரில் கொடுப்பதற்காக அப்பாவும் நானும் பகல் இரண்டு மணியிலிருந்து இங்கே உட்கார்ந்திருக்கிறோம். இப்போது மணி ஐந்தேமுக்கால். நாளை வரச் சொல்லிவிட்டு, விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.