இருநூற்றுப் பதினாலில் ஊற்றிய பால்

என் பாசமுள்ள இருநூற்றுப் பதினாலாம் நம்பர் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நம் எருமை கருப்பாயி மறுபடியும் ஈன்றிருக்கிறாள், கிடாரிக் கன்று. அம்மா முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே எல்லா வேலையையும் செய்கிறாள், செய்யாதே என்றால் என்னைத் திட்டுகிறாள். நான் காலையில் பால் கேனை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போய் ஊற்றிவிட்டு, அப்படியே பக்கத்துச் சித்தூர் மருந்துக் கடைக்கு வேலைக்குப் போகிறேன்.

சௌக்கியமெல்லாம் சொல்லி முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கோபித்துக்கொள்ளக்கூடிய இரண்டு காரியங்களைச் செய்துவிட்டேன் அப்பா. சொசைட்டியில் உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். உங்கள் ரகசியத்தை ஊர் முன்னால் சொல்லிவிட்டேன். மீசையைத் தடவாமல் முழுசாகக் கேளுங்கள்.

நீங்கள் போன பிறகும் பால் அளக்கிற மிஷினுக்கு அது தெரியவில்லை. தினமும் இரண்டு வேளை பாலின் கொழுப்பை அளந்து சீட்டு அடித்துக் கொடுத்தது: 214, பழனிசாமி, எருமை, ஃபேட் ஏழு. வாரிசு பெயருக்கு மாற்ற ஒரு அபேட்சை மனு எழுதிக் கொடுக்கச் சொல்லி செக்ரட்டரி கேட்டுக் கேட்டு ஓய்ந்தார். நாளைக்குத் தருகிறேன் என்று நானும் ஒன்றரை வருஷம் சொன்னேன். தினமும் இரண்டு தடவை உங்கள் பெயர் கையில் வருகிறது, அதை எதற்கு நானே நிறுத்த வேண்டும்?

அப்போதுதான் இந்தப் படிப்புக் கடன் சண்டை கிளம்பியது. உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான், கூட இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நம் சொசைட்டி உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்குக் கடன் கொடுக்கும். ஊற்றுகிற பாலின் வாரப் பணத்தில் தவணையைப் பிடித்துக்கொள்ளும். மூன்று வாரம் பிடிக்க முடியாவிட்டால் ஜாமீன் போட்டவரின் பால் பணத்தில் கை வைக்கும். என் பார்மசி படிப்பு அந்தக் கடனில் நடந்தது. ஜாமீன் போட்டவர் உங்கள் சிநேகிதர் ராமசாமி மாமா.

அடுத்த தோட்டத்து சரசு அக்காவின் மகன் மணிகண்டனும் அந்தக் கடனில்தான் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கப் போனான். இரண்டு வருஷம் கழித்து அந்தக் காலேஜுக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. காலேஜைப் பூட்டினார்கள், சர்டிபிகேட் இல்லை, கடன் மட்டும் இருக்கிறது. இப்போது அவன் பொள்ளாச்சிச் சந்தைக்கு டெம்போ ஓட்டுகிறான். சரசு அக்காவுக்குப் பால் பணத்தில் பாதி பிடித்தத்துக்குப் போகிறது, மீதி தீவனத்துக்குப் போகிறது. மூன்று ஜெர்சிப் பசுவில் ஒன்றை விற்றாயிற்று. இன்னொன்றையும் விற்றால் தவணைக்கு எங்கே போவாள்?

இப்படி இன்னும் நான்கைந்து குடும்பங்கள். மிச்சக் கடனைத் தள்ளுபடி செய்துவிடலாம், அதை உறுப்பினர்களின் போனஸில் ஈடுகட்டலாம் என்று சொசைட்டி பிரசிடெண்ட் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அவ்வளவுதான், ஊர் இரண்டாகப் பிரிந்தது. மருந்துக் கடை வரைக்கும் வந்து சண்டை போட்டார்கள். தலைவலி மாத்திரை வாங்க வந்தவர் தலைவலியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

ராமசாமி மாமாதான் எதிர்க்கட்சித் தலைவர். "படிக்கப் போனது அவங்க பையனுங்க. எங்கூட்டுல ஒருத்தனும் பத்தாவது தாண்டல. எம்மாட்டுப் பாலுக்கு வர்ற போனஸ எடுத்து நான் எதுக்குங்க கட்டோணும்? இதுல துபாய்ல சம்பாரிச்சுட்டுக் கட்டாம இருக்கறவனுக்கும் சேத்துத் தள்ளறாங்களாமா." அவர் கேட்டதில் என்ன தப்பு? ஏமாந்தது பையன், ஏமாற்றியது காலேஜ், கட்டுவது மட்டும் ஒரு அம்மாவா என்று சரசு அக்கா பக்கத்தவர்கள் கேட்டார்கள். அதிலும் என்ன தப்பு? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற சண்டை எனக்குப் பிடிப்பதே இல்லை.

யார் பேசினாலும் கடைசியில் உங்களிடம் வந்து நின்றார்கள். ஒற்றை எருமையை வைத்துக்கொண்டு மகளைப் படிக்க வைத்து, ஒரு வாரம்கூடத் தவறாமல் கட்டின பழனிசாமி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "உங்கப்பன் பழைய பாஸ்புக்கு இருந்தாக் கொண்டா அம்மிணி, பொதுயோகக் கூட்டத்துல எல்லாத்துக்கும் காட்டோணும்" என்று மாமா கேட்டதும், அன்றைக்கே பீரோவைக் குடைந்து எடுத்தேன்.

புரட்டிப் பார்த்தேன். மிஷின் வருவதற்கு முன்னால் கிளார்க் கையால் எழுதிய கணக்கு. ஃபேட் ஏழு, ஏழு, ஏழே கால். என் இரண்டாவது வருஷப் படிப்பில், ஆடி மாதத்தில் இருந்து நான்கு, மூன்றே முக்கால், நான்கு. ஒன்பது வாரத்துக்கு அப்படியே. பிறகு மறுபடியும் ஏழு. எருமைப் பாலில் ஃபேட் நான்குக்கு இறங்குமா அப்பா? அது பசும்பாலின் கணக்கு. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இத்தனை நாளுக்கு இவ்வளவு ஒழுங்காக இறங்காது.

அம்மாவிடம் கேட்டேன். அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டு நிமிராமலே சொன்னாள்: "அப்ப இருந்த எருமைக்குச் சினையில பால் வத்திப் போச்சு. தவணை நின்னா ராமசாமியண்ணன் பால்ல புடிப்பாங்கன்னு உங்கப்பா சோறு திங்கல. சரசுதான் தினம் மூணு லிட்டர் நம்ம கேன்ல ஊத்திட்டுப் போனா."

"திருப்பிக் குடுக்கலையா?"

"குடுக்கப் போனாரு. வாங்கமாட்டேனுட்டா. படிக்கற புள்ளைக்கு ஊத்துனது கடன்ல சேராதுன்னுட்டா."

அடுத்தவர் பாலை நம் நம்பரில் ஊற்றினால் நம்பரையே எடுத்துவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். எழுதின கிளார்க் பார்த்தும் பார்க்காதது மாதிரி எழுதியிருக்கிறார், நல்ல மனுஷர். ஆனால் என்னிடமாவது சொல்லியிருக்கலாமே அப்பா. பயமா, வெட்கமா? கடன் என்றால் கட்டத்தான் வேண்டும் என்று வாய் வலிக்கச் சொன்ன மனுஷர், ஒன்பது வாரம் ஜெர்சிப் பாலை எருமைப் பால் என்று ஊற்றியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

பொதுயோகத்தில் உறுப்பினர் மட்டும்தான் பேசலாம். செத்துப்போனவர் பெயரில் பால் ஊற்றலாம், பேச முடியாது. பேசாமல் இருந்தால் உங்கள் பெயரும் இருக்கும், உங்கள் கௌரவமும் இருக்கும். சரசு அக்காவின் மாடுதான் போகும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அபேட்சையைக் கொடுத்தேன். எனக்குப் புது நம்பர் 371. உங்கள் பெயர் போட்ட கடைசிச் சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, கேன் கழுவுகிற குழாயடியில் நின்று அழுதேன். யாராவது கேட்டால் சோப்பு என்று சொல்லலாம் என்று நினைத்தேன், யாரும் கேட்கவில்லை.

பொதுயோகத்தன்று பாஸ்புக்கை மாமாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் தூக்கிப் பிடித்து, "இதப் பாருங்க, ஒத்த எருமை, ஒரு வாரம் தவறல" என்றார். நான் எழுந்தேன். 

"மாமா, ஆடி மாசப் பக்கத்த விரிங்க. ஃபேட்டக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

படித்தார். நாலு, மூணே முக்கால், நாலு. நான்காவது வரியில் அவர் குரல் நின்றது. பால் ஊற்றுகிறவர்களுக்கு வேறு விளக்கம் எதற்கு? பின்வரிசையில் யாரோ, "எருமை எப்பங்க ஜெர்சியாச்சு?" என்றார். கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கியதும் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த ஒம்பது வாரம் சரசு அக்கா ஊத்தலீன்னா, உங்க பால்லதானுங்க மாமா புடிச்சிருப்பாங்க."

சரசு அக்காவுக்குக் கோபம். "அதையெல்லாம் எதுக்கு அம்மிணி இங்க பேசற? செத்தவரப் போயி" என்று அதட்டினாள். அவளுக்காகப் பேசப் போய் அவளிடமே திட்டு வாங்கினேன்.

மாமா பாஸ்புக்கை மூடி என் கையில் கொடுத்தார். பிறகு, "தள்ளுபடி பண்ணறதுக்கு நான் கை தூக்க மாட்டனுங்க. இன்னிக்குத் தள்ளுனா நாளைக்கு எவனும் கட்ட மாட்டான். ஆனா பால் ஊத்தறது வேற. வாரத்துல ஒரு வேளைப் பால நான் ஊத்தறேன். ஏமாந்த புள்ளைக கடனுக்கு மட்டும். துபாய்க்காரனுக்கு ஒரு சொட்டுக் கெடையாது" என்றார்.

ஓட்டெடுப்பில் தள்ளுபடித் தீர்மானம் தோற்றது. நான் ஆதரவாகத்தான் கை தூக்கினேன், தோற்றவர்களில் நானும் ஒருத்தி. அடுத்ததாக, வட்டியை விட்டுவிடுவது, விருப்பமுள்ளவர்கள் ஞாயிறு சாயங்காலப் பாலை ஒரு பொது நம்பரில் ஊற்றுவது என்று முடிவானது. மணிகண்டன் எழுந்து பாதியைத் தான் கட்டுவதாகச் சொன்னான். எந்த நம்பரில் ஊற்றுவது என்று பிரசிடெண்ட் கேட்டார். "இருநூத்திப் பதினாலு காலியாத்தானுங்க இருக்குது" என்றார் செக்ரட்டரி.

போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக ஊற்றினோம். மாமாதான் முதலில் வந்தார், மிஷின் குறைத்துக் காட்டுகிறது என்று சண்டையும் போட்டார். எல்லா வீட்டுப் பாலும் வரவில்லை. எங்கள் போனஸே எங்களுக்குப் போதவில்லை என்று ஒதுங்கியவர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வந்ததே கேன் கேனாக வந்தது. பசும்பாலும் எருமைப் பாலும் கலந்து ஊற்றியதும் மிஷின் சீட்டைத் துப்பியது: 214, பழனிசாமி, எருமை, ஃபேட் நாலே முக்கால். பெயரை மாற்ற மறந்துவிட்டீர்களா என்று செக்ரட்டரியைப் பார்த்தேன். அவர் அவசரமாக லெட்ஜரைத் தேடினார்.

இது எத்தனை வாரம் ஓடும்? தீபாவளிக்குள் ஆர்வம் ஆறிவிடுமா? யார் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு இது பதில்தானா, இல்லை சமாளிப்பா? நீங்கள் இருந்தால் எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பீர்கள்? எனக்குத் தெரியவில்லை அப்பா.

ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன். ஒன்பது வாரம், நாளுக்கு மூன்று லிட்டர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊற்றினால் ஒரு வருஷத்துக்கு மேலேயே ஆகும். கருப்பாயியின் பாலில், ஃபேட் ஏழுக்குக் குறையாமல், உங்கள் பெயரில் அதை ஊற்றி முடிப்பேன். முடிந்த பிறகும் ஊற்றுவேன். அது கடனில் சேராது.

இப்போதைக்கு 371, எப்போதும் 214-இன் மகள்,
கவிதா