முச்சந்திக் கிணறு

1933 மார்ச் 6, திங்கள்

சேரிக் குளம் வற்றிவிட்டது. சேற்றைத் துணியில் வடிகட்டித்தான் தங்கையன் வீட்டில் கஞ்சி வைக்கிறார்கள். முச்சந்தியில் சர்க்கார் வெட்டிய கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. ஆனால் அது மேலத்தெருக்காரர்களுக்கு மட்டும்.

கல்வெட்டுப் படிக்க ஸ்வீடனிலிருந்து வந்தவள் மதாம்மா. பாறசாலைக்குப் பக்கத்தில் இந்தக் குக்கிராமத்தில் குடியேறிக் கதர் உடுத்திக் கூட்டம் போடுகிறாள். இப்போது கிணற்றையும் சேரிக்குத் திறந்துவிட வேண்டுமாம். அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் உத்தியோகம். ஆனால் நாள் முழுக்க ஓடுவதெல்லாம் அவள் பின்னால்!

மார்ச் 9

மதாம்மா தன் கையால் கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். மேலத்தெருப் பெரியவர் பகவதிப்பெருமாள் பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றார். சிரிக்கவும் செய்தார். வரும் வழியெல்லாம் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் தடுக்கவில்லை, பார்த்தாயா ரத்னா என்று ஒரே பேச்சு.

வெள்ளைக்காரியை யார் தடுப்பான்? சொல்லிவிட்டேன்: "உங்க மேல விழாத அடி, பக்கத்தில நிக்கிறவன் மேலதான் விழும்." காதில் வாங்கினால்தானே.

மார்ச் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது கண்ணால் கண்டேன். மதாம்மா பக்கத்தில் நிற்க, தங்கையன் இறைக்கிறான். அவன் பெண்சாதி தாசம்மாள் தூரத்தில் வாயைப் பொத்தியபடி நின்றாள். மேலத்தெருவில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மார்ச் 14

தங்கையன் அந்தக் கிணற்றுக்குள் கிடக்கிறான்.

மார்ச் 15

தவறி விழுந்தான் என்று போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். தவறி விழுந்தவனுக்குப் பிடரியில் எப்படி வெட்டு வரும்? பாவிகள். நாசமாய்ப் போவார்கள்.

மதாம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். என்னாலா ரத்னா என்று.

மார்ச் 27

கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். ஆனாலும் மேலத்தெருவில் ஒருத்தியும் குடம் எடுத்துப் போவதில்லை. பட்டப்பகலில் கப்பி தானாகச் சுற்றுகிறதாம். துர்மரணம் ஆனவன் இடத்தைவிட்டுப் போகமாட்டான் என்கிறார்கள். மந்திரவாதி வந்து கோழி அறுத்துப் பார்த்தான், பலிக்கவில்லை. இப்போது வெயிலில் மைல்கணக்கில் ஆற்றுக்கு நடக்கிறார்கள். நன்றாக நடக்கட்டும்.

நான் கிறிஸ்தவச்சி, எனக்குப் பேயும் இல்லை பிசாசும் இல்லை. ஆனாலும் அந்த முச்சந்தியைத் தாண்டும்வரை ஜெபம் சொல்லிக்கொண்டேதான் வந்தேன்.

ஏப்ரல் 3

மதாம்மாவுக்கும் கப்பிச் சத்தம் கேட்கிறதாம். பேய் என்றால் சிரித்தவள்! கல்வெட்டுப் பிரதிகளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்காமல் இருக்கிறாள். ஊருக்குப் போய்விடுங்கள் என்றேன். அங்கேயும் கேட்கும் என்றாள்.

ஏப்ரல் 8

காலையில் தாசம்மாள் குடத்தோடு நேரே கிணற்றுக்குப் போனாள். அடியே, போகாதே என்று பின்னால் ஓடினேன். ஓடினேனே தவிர, கிணற்றடிக்குப் பத்தடி முன்னாலேயே என் கால் நின்றுவிட்டது. அவள் பாட்டுக்கு இறைத்தாள். கப்பி கிறீச்சிட்டது.

"அது எனக்க மாப்பிள்ளைதானே டீச்சரம்மா. எனக்கு என்னத்துக்குப் பயம்?"

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். செத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. நானும் அழுதேன்.

ஏப்ரல் 10

சேரிப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். தடுக்க ஆள் இல்லை. மேலத்தெருவில் கதவு சாத்தியிருந்தது.

தாசம்மாள் ஒரு செம்பு தண்ணீரை மதாம்மாவிடம் கொண்டுவந்து நீட்டினாள். குடியுங்க, அவரு உங்களை ஒண்ணும் செய்யமாட்டாரு என்றாள். மதாம்மா வாங்கினாள். வாய்வரை கொண்டுபோனாள். குடிக்க முடியவில்லை. தாசம்மாள் செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மே 2

சேரிக்கு இப்போது தண்ணீர்க் கஷ்டம் இல்லை. மதாம்மாவுக்குத் தூரத்து மிஷன் கிணற்றிலிருந்து நான் சுமக்கிறேன். முச்சந்திக் கிணற்றுத் தண்ணீரைத் தொடாதவர்கள் இந்த ஊரில் மேலத்தெருக்காரர்களும் அவளும்தான்.