சின்னி வாயில் போட்டவை

ஜூன் 8, திங்கள்

காலையிலேயே வெயில். கையெழுத்து கோணல். கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போகிறது. மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேனோ தெரியவில்லை. எழுபது வயதில் என்னை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்த மகள் கல்பனா, சித்திரையில் காய்ச்சலில் போய்விட்டாள்.

அவள் பெண் சின்னி. ஒன்றரை வயது. தாய் போனதிலிருந்து தட்டைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்கிறாள். தோட்டத்தில் விட்டால் எல்லாம் தின்கிறாள். இன்று:

செம்பருத்திப் பூ.
கொய்யாப் பிஞ்சு. முகம் சுளித்தாள். மறுபடி கடித்தாள்.
மண்.
கட்டெறும்பு. அது முந்திக்கொண்டு உதட்டைக் கடித்தது. அழவில்லை. பிடித்து என் வாய்க்கு நீட்டினாள், தாத்தாவும் தின்னட்டும் என்று.

சிரித்துவிட்டேன். சத்தம் கேட்டு என் தங்கை ராஜம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஜூன் 9, செவ்.

துணிக்கொடி அறுந்தது. கட்ட வேண்டும்.

மாப்பிள்ளை முரளி போன். திருப்பதியில் லாட்ஜ் வேலை. ஞாயிறு அமாவாசைக்கு வந்து கல்பனாவுக்குப் படைத்துவிட்டு, மறுநாள் சின்னியைக் கூட்டிப்போகிறார். பகலில் பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கொள்வாராம்.

"மண்ணு துன்றா மாப்ளே."

"இங்க மூணாவது மாடி மாமா. மண்ணே இல்ல. தானா வுட்ருவா."

போனை வைத்த பிறகுதான், என்னிடமே விடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. ஞாயிறு நேரில் சொல்ல வேண்டும்.

ஜூன் 11, வியா.

மேகம். மழை இல்லை.

சின்னி வாயில் அரளி மொட்டு. நான் பக்கத்தில்தான் இருந்தேன். பூப் பறிக்கும் அழகைப் பார்த்துக்கொண்டு. என் கண்ணுக்குச் செம்பருத்தியும் அரளியும் ஒரே சிவப்பு. ராஜம்மாதான் ஓடிவந்து விரல் விட்டு எடுத்தாள்.

"வெசம்ண்ணா அது! நீ இன்னா பாத்துக்கினு இருந்த?"

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முழுங்கவில்லை, பயமில்லை என்றார்கள். வந்து அரளியை வெட்டிப் போட்டேன். இதற்கு மேல் எழுத வராது.

ஜூன் 14, ஞாயிறு, அமாவாசை

முரளி வந்தார். இளைத்துவிட்டார். படையல். சோறு, பருப்பு வடை, கல்பனாவுக்குப் பிடித்த மாங்காய்ப் பச்சடி. காக்கைக்குக் கொய்யா மரத்தடிக் கல்லில் தனி இலை. அது தொட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். காக்கை மதில் மேலேயே இருந்தது. இறங்கவில்லை.

ராஜம்மா: "கொழந்த நெனப்புதான் அவளுக்கு. யாருனா வாயத் தொறந்து சொல்லுங்க."

முரளி கை கூப்பினார். "கல்பனா, சின்னிய நான் நல்லா பாத்துக்கறேன்."

காக்கை அசையவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் வாரம் முழுக்க நினைத்திருந்தேன். அரளி நினைவு வந்தது.

அதற்குள் சின்னி காக்கை இலைக்குப் போய்விட்டாள். முன்னால் உட்கார்ந்து இரண்டு கையாலும். சோறு. வடை. பச்சடி மூக்கு வரைக்கும்.

ராஜம்மா: "ஐயோ, காக்கா தொடாத சோறு! தூக்குங்க!"

முரளி எழுந்தார். கையைப் பிடித்து நிறுத்தினேன். "வுடுங்க மாப்ளே. துன்னட்டும். கல்பனா இருந்தா காக்காவுக்கா மொதல்ல குடுப்பா?"

முரளி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சின்னி இலை ஓரத்தையும் கடித்துப் பார்த்தாள்.

சாயங்காலம் அவரே கேட்டார். "இங்க சோறு துன்றாளே மாமா. இங்கயே இருக்கட்டுமா?"

நான் ஏங்கின வார்த்தை.

"வேணாம். கூட்டிக்கினு போங்க. என் கண்ண நம்ப முடியாது. வெளிய ஒரு இலை போட்டு வைங்க, துன்னுவா."

"மொட்டமாடி சாவி ஓனர்கிட்ட இருக்கு மாமா. கேட்டுப் பாக்கறேன்."

ஜூன் 15, திங்கள்

ராத்திரி நல்ல மழை. தோட்டம் சேறு.

சித்தூர் பஸ் ஸ்டாண்ட் வரை போனேன். திருப்பதி பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் சின்னியை உட்காரவைத்தேன். ஜன்னல் கம்பியை நக்கினாள். டிக்கெட்டைச் சப்பினாள். முரளி பிடுங்கினார். கடைசியில் என் விரலை எடுத்து வாயில் வைத்துக் கடித்தாள். துப்பவில்லை. விடவுமில்லை.

"தாதா, திகண்டி, திகண்டி!" கண்டக்டர் இறங்கச் சொல்லி அவசரப்படுத்தினார். மெதுவாக இழுத்துக்கொண்டேன்.

பேனா பிடிக்கும் விரல். பல் நன்றாகப் பதிந்திருக்கிறது. அழுத்தினால் வலிக்கிறது. மீதியை அடுத்த வாரம்தான் எழுத வேண்டும்.